கொடியின் பின்பக்கம்

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, காலை எட்டு பத்து. தமிழ்ப் பூசை முடிந்திருந்தது. கன்னடப் பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

டோரதி கோவிலின் பக்கவாசலில் நின்றாள். ஒவ்வொரு வருடமும் இந்த ஞாயிறு அங்கேதான் நிற்பாள். ஃபாதர் பூசை உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே வருவார். "டோரதி, கொடி?" என்பார். "ஆய்து ஃபாதர்" என்று கன்னடத்தில் சரி சொல்வாள். வேறு பேச்சு இருக்காது. மறுநாள் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் துணியும் பெயின்ட்டும் வாங்குவாள். மாதக் கடைசியில் திருவிழாக் கொடியேற்றம். அவள் வரைந்த ஆரோக்கிய மாதா கொடிமரத்தின் உச்சிக்குப் போவாள்.

இந்த வருடம் ஃபாதர் தனியாக வரவில்லை. கூட ஒரு பெண் வந்தாள். இடது இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நான்கு வயது இருக்கும். இடுப்பில் தூக்கும் வயதைத் தாண்டிய குழந்தை.

பின்னால் தேவநேசன் வந்தார். பங்குப் பேரவைச் செயலாளர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடக் கொடி அவருடைய உபயம்.

"டோரதி, இது மரியா," என்றார் ஃபாதர். "ஊரு மார்டள்ளி. நம்ம ஹாஸ்டல் கிச்சனுக்கு வேலைக்கு வந்திருக்கு. நல்லா வரையும்."

"தோத்திரமுங்கக்கா," என்றாள் மரியா.

டோரதி தலையாட்டினாள்.

"இந்த வாட்டி கொடி பெருசு," என்றார் தேவநேசன். "ஒரே துணியில ரெண்டு பக்கமும் போட்டா சாயம் எறங்குது. போன வருஷம் மழையில பாத்தோமில்ல? அதனால ரெண்டு துணி. முன்பக்கம் நீ போடு. பின்பக்கம் இந்தப் பொண்ணு போடட்டும். அப்பறம் முதுகோட முதுகு வெச்சுத் தெச்சிரலாம்."

"ரெண்டும் நானே போட்டுடுவேன் அண்ணா."

"உனக்கு ட்யூட்டி இருக்கேம்மா."

"போன வருஷமும் இருந்திச்சு."

தேவநேசன் குரலைத் தாழ்த்தவில்லை. "விதவைப் பொண்ணு. சின்ன வயசு. பங்குல அதுக்குன்னு ஒரு எடம் குடுக்கணும். உனக்குச் சொல்லணுமா? நீயும்..."

அங்கே நிறுத்தினார்.

எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள். மரியாவுக்கு ஒரு சொல் இருந்தது. அதைச் சத்தமாகச் சொல்லலாம். டோரதிக்கு உரியதைச் சொல்ல வரும்போது குரல் இறங்கிவிடும். கண் தரைக்குப் போய்விடும்.

"ஆய்து அண்ணா," என்றாள்.

*

டோரதியின் கணவன் மேக்ஸ்வெல் ஓசூரில் இருந்தான். அங்கே ஒருத்தியோடு இருந்தான். அவன் போனபோது மகள் வினிதாவுக்கு ஏழு வயது. இப்போது பதினான்கு. அவன் சாகவும் இல்லை, திரும்பவும் இல்லை. கோவிலில் கட்டிய தாலி. கோவில் அதை அவிழ்க்காது.

மரியாவின் கணவன் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போய் ஆந்திராவில் செத்தவன். அவள் இந்தப் பங்குக்கு வந்த மாதத்தில், தமிழ்ப் பூசையில் அவன் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். எல்லோரோடும் சேர்ந்து டோரதியும் பதில் சொன்னாள். அவள் வாய் மன்றாடியது. இவளுக்கு மட்டும் எப்படி இது கிடைத்தது என்று மனம் கேட்டது. அந்தக் கேள்வியைக் கண்டு அவளே பயந்தாள். ஃபாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவில்லை. எந்தக் கட்டளையின் கீழ் அது வரும் என்று தெரியவில்லை.

மேக்ஸ்வெல் விட்டுப்போன வருடத்தில் யாரும் அவளை ஞானஸ்நான வீடுகளுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களும் போனில் கூப்பிட்டார்கள். கோவிலில் முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்த வருடம் கொடி வரைபவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். யார் வரைவது என்று ஃபாதர் கேட்டபோது டோரதி கையைத் தூக்கினாள். பள்ளியில் வரைந்ததோடு சரி. ஒரு காலண்டரைப் பார்த்து வரைந்தாள்.

கொடி ஏறியது. முன்வரிசைப் பெண்கள் தலையைத் தூக்கிக் கைகூப்பினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் செய்ததைப் பார்த்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மற்ற நாட்களைக் கடந்தாள். இப்போது அதில் பாதியைக் கேட்கிறார்கள்.

*

துணியைக் கொடுக்க மரியாவின் அறைக்குப் போனாள். ஹாஸ்டலுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறை. சுவரில் கணவனின் படம். காலையில் போட்ட மல்லிகை மாலை. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இனி அவன் எங்கும் போக மாட்டான்.

"உக்காருங்கக்கா. டீ வெக்கறேன்."

"வேண்டாம். ட்யூட்டிக்குப் போகணும்."

குழந்தை சௌம்யா வந்து டோரதியின் கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். மரியா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் துணியைப் பிரித்துத் தடவினாள்.

"துணியில நான் போட்டதே இல்லீங்கக்கா. எனக்குக் கல்லுலதான் பழக்கம்."

"என்ன கல்லு?"

"கல்லறைதானுங்க. அவரு போனப்பறம் கல்லறைத் திருநாளு வந்துச்சு. எல்லாருதும் சுண்ணாம்பு அடிச்சு, பூவு வெச்சு, ஜம்முனு இருந்துச்சு. இவருது மொட்டையா கெடந்துச்சு. வீட்டுல கதவுக்கு அடிச்ச பெயின்ட்டு மிச்சமிருந்துச்சு. எடுத்துட்டுப் போயி ஒரு மாதா போட்டேன். அழுதுட்டே இருக்கறதுக்கு அது தேவலையாட்ட இருந்துச்சு. அப்பறம் ஊருல ஆளாளுக்குக் கூப்புட்டாங்க. எங்கப்பனுக்குப் போடு, எங்காத்தாளுக்குப் போடுன்னு." சிரித்தாள். "செத்தவங்க யாரும் கொற சொல்லலீங்க."

டோரதிக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கினாள். இவளுக்குக் கல்லறை இருக்கிறது. துடைக்க, பூ வைக்க, படம் வரைய ஒரு இடம். கல்லறைத் திருநாளில் டோரதி அப்பா அம்மாவின் கல்லறைக்குப் போவாள். வினிதா கேட்பாள், "அம்மா, அப்பாவுக்கு எப்போ?"

"அக்கா, புள்ள எந்தக் கையிலீங்க?"

"என்ன?"

"மாதா கையில இயேசு பாலன். எந்தக் கையிலீங்க போடோணும்?"

டோரதி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நோயாளியை உள்ளே தள்ளும் முன் பெயரைக் கேட்பாள். பிறகு, இடதா வலதா என்று கன்னடத்தில், "எடகாலா, பலகாலா?" என்பாள். அவர்கள் சொன்ன காலில் மார்க்கரால் அம்புக்குறி போடுவாள். மறுபடி கேட்பாள். பக்கம் மாறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

கொடியிலும் அப்படித்தான். முன்பக்கம் பிள்ளை இடது கையில். வரைந்து காய்ந்ததும் துணியைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவாள். வெளிச்சத்தில் முன்பக்கக் கோடு தெரியும். அதன் மேலேயே பின்பக்கத்தை வரைவாள். பின்பக்கம் பிள்ளை வலது கைக்கு வந்துவிடும். வெயிலில் கொடி பறக்கும்போது இரண்டும் ஒன்றாக விழும். தனித்தனித் துணி என்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லில் வரைந்தவளுக்குத் தெரியாது. கல்லறைக் கல்லுக்குப் பின்பக்கம் இல்லை.

நாக்கில் வந்தது. சௌம்யா மரியாவின் தோளில் முகத்தைத் தேய்த்தாள். மரியா துணியை விட்டுவிட்டு அவள் முதுகைத் தட்டினாள். மேலே படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாதாவுக்கு எப்பவும் இடது கைதான்," என்றாள் டோரதி. "பீடத்துல சுரூபத்தைப் பாரு."

பொய் இல்லை. பீடத்தில் நிற்கும் மாதாவும் இடது கையில்தான் பிள்ளையை வைத்திருந்தாள்.

"எனக்கும் இடதுதானுங்க. வலதுல கரண்டி," என்றாள் மரியா.

பஸ்ஸில் போகும்போது டோரதி நினைத்தாள்: இன்னும் நாள் இருக்கிறது. பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

*

வினிதா ட்யூஷன் முடிந்து நேராக வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள்.

"எங்க போனே?"

"மரியா ஆன்ட்டி கிட்ட. சும்னே."

"சும்னேன்னா?"

"சும்னேன்னா சும்மா. அவங்க வரையறதைப் பாத்துட்டு இருந்தேன். சௌம்யாவுக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுத்தேன். ஆன்ட்டி எனக்குத் தமிழ் எழுதக் கத்துக் குடுக்கறாங்க."

"நான் கத்துக் குடுத்தா மட்டும் தூக்கம் வரும்."

"நீ திட்டுவே. அவங்க திட்ட மாட்டாங்க."

டோரதி குக்கரைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"அப்பா பத்திகூட கேட்டாங்க," என்றாள் வினிதா.

"என்ன கேட்டா?"

"அப்பா போன் பண்ணுவாரான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். அப்பறம் நான்... சும்னே கொஞ்ச நேரம் பேசினேன்."

"என்ன பேசினே?"

"அதெல்லாம் மறந்து போச்சு."

ஏழு வருடத்தில் வினிதா அப்பாவைப் பற்றித் தன்னிடம் பேசியது எத்தனை தடவை என்று டோரதி யோசித்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்குவது என்று நினைத்திருந்தாள். காலையில் எழுப்பி, சடை போட்டு, பாக்ஸில் சாதம் வைத்து, ட்யூட்டிக்குப் போய், வந்து, துணி துவைத்து. ஒருநாளும் தவறியதில்லை. தகர அறையில் ஒருத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.

வினிதா கட்டிலில் விரித்திருந்த துணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். டோரதியின் மாதா பாதி முடிந்திருந்தாள். நீல மேலாடை, ரோஸ் கன்னம், காலண்டரில் இருந்த அதே முகம்.

"சென்னாகிதே அம்மா," என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா உன் மாதா காலேஜ் போற பொண்ணு மாதிரி இருக்கா. ஆன்ட்டியோட மாதா அம்மா மாதிரி இருக்கா."

"அப்போ அங்கேயே இருந்துக்கோ. டிபன் பாக்ஸை மட்டும் கழுவி வெச்சிட்டுப் போ."

வினிதா சிரித்தாள். அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாள்.

அன்று டோரதி மாதாவின் முகத்தை இரண்டு தடவை மாற்றினாள். கன்னத்து ரோஸைக் குறைத்தாள். உதட்டை மூடினாள். வயது ஏறவில்லை. கோபம்தான் ஏறியது. பழைய முகத்துக்கே திரும்பினாள்.

*

கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்னால் மரியா துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். தையல் மெஷின் டோரதி வீட்டில் இருந்தது. வினிதா பள்ளிக்குப் போயிருந்தாள். வெளியே தூறல். சௌம்யாவின் தலையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிவிட்டிருந்தாள்.

"நல்லா இருக்குதான்னு தெரியலீங்கக்கா. நீங்க பாத்து சொல்லுங்க. மோசமா இருந்தா மோசம்னே சொல்லிருங்க."

கட்டிலில் விரித்தாள்.

டோரதி பார்த்தாள்.

மேலாடையின் மடிப்பில் கை நடுங்கியிருந்தது. கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகம் மட்டும் சரியாக இருந்தது. மாதா தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறம். ஆனால் அவள் விழுந்துவிடப் போகிறவள் இல்லை. பிள்ளையைப் பிடித்திருந்த இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாரம் தூக்குபவளின் தோள். வாயில் ஏதோ வேலையை நினைத்துக்கொண்டிருப்பவளின் இறுக்கம். பிள்ளை அதையெல்லாம் கவனிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

டோரதிக்கு இந்த முகத்தைத் தெரியும். டபுள் ட்யூட்டி முடிந்து ஆஸ்பத்திரிக் கழிவறையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்ப்பாள். உடனே பவுடர் போட்டு மூடிவிடுவாள். ஏழு வருடமாக மூடி வைத்திருந்த முகத்தை ஒருத்தி துணியில் போட்டுக் கட்டிலில் விரிக்கிறாள். ஊர் முழுக்கப் பார்க்க மேலே ஏற்றப் போகிறார்கள்.

தன்னால் இதை வரைந்திருக்க முடியும். தன்னிடம் இது இருந்தது. இவளுக்கு முன்னாலேயே இருந்தது.

"எங்கேர்ந்து பாத்து வரைஞ்சே?" என்றாள்.

"எங்கயும் பாக்கலீங்க. அதுவா வந்துச்சு."

பிள்ளை இடது கையில் இருந்தது. சொன்னபடி. டோரதி தன் துணியைப் பார்த்தாள். அதிலும் இடது கையில். நான்கு நாள் இருந்தது. ஒரு துணி வாங்கினால் போதும். தன்னுடையதைத் தானே மாற்றி வரைந்துவிடலாம்.

"மரியா," என்றாள். "பின்பக்கம்னா..."

போன் அடித்தது. தேவநேசன். அவர் போனில் பேசினால் அறைக்கே கேட்கும்.

"டோரதி, அந்தப் பொண்ணு போட்டிருக்கிறதைப் பாத்தியா? நேத்து நானும் ஃபாதரும் போய்ப் பாத்தோம். ஃபாதருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதனால ஒண்ணு பண்ணலாம்னு. அது முன்பக்கம் இருக்கட்டும். ஆளுங்க நிக்கிற பக்கம். உன்னோடது பின்னாடி ரோட்டுப் பக்கம். நீ தப்பா நெனைக்க மாட்டேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஆய்து அண்ணா."

போனை வைத்தாள். மரியாவின் முகம் சுருங்கியிருந்தது.

"அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்கக்கா. முன்பக்கம் உங்களுதுதான். நா போயி அவருகிட்டச் சொல்லிர்றேன்."

விட்டுக்கொடுக்கிறவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். டோரதி அதைப் பார்த்தாள். அதையும் இவளே வைத்துக்கொள்கிறாள்.

"சொல்ல வேண்டாம். உன்னோடதே முன்னாடி இருக்கட்டும்."

"மெய்யாலுமேங்களா?"

"மெய்யாத்தான்."

"பின்பக்கம்னா... ஏதோ சொல்ல வந்தீங்களேக்கா?"

டோரதி மெஷினின் மூடியைத் திறந்தாள். நூல் கோத்தாள்.

"பின்பக்கம்னா ஓரத்துல ஒரு அங்குலம் மடிப்பு வேணும். விட்டிருக்கே. போதும்."

மரியா போன பிறகு தூறல் நின்றது. டோரதி இரண்டு துணிகளையும் முதுகோடு முதுகு சேர்த்து ஜன்னலில் பிடித்தாள். வெளிச்சம் அதிகம் இல்லை. ஆனாலும் தெரிந்தது. ஒரு மாதா. இடது கையில் ஒரு பிள்ளை. வலது கையில் ஒரு பிள்ளை.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. இறக்கினாள்.

நான்கு ஓரமும் நேராகத் தைத்தாள். அவள் தையல் எப்போதும் நேராக இருக்கும்.

*

கொடியேற்றத்தன்று மழை வரும் என்றார்கள். வரவில்லை. ஐந்தரை மணிக்கு மேற்கில் மேகம் விலகி வெயில் வந்தது.

ஆட்கள் கோவில் முற்றத்தில் மேற்கே பார்த்து நின்றார்கள். கொடிமரத்துக்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்குப் பின்னால் சூரியன். ஃபாதர் கொடியை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். தேவநேசன் புது வேட்டியில் கயிற்றைப் பிடித்தார். வெடி வெடித்தது. "மரியே வாழ்க" என்று முன்வரிசையில் இருந்து சத்தம் கிளம்பியது.

கொடி சுருண்டபடியே ஏறியது. உச்சியில் போய் முடிச்சு அவிழ்ந்தது. பூ உதிர்ந்தது. காற்று கொடியைப் பிடித்து விரித்தது.

எல்லோரும் தலையைத் தூக்கிக் கைகூப்பினார்கள்.

சத்தம் முதலில் நின்றது. பிறகு வேறு மாதிரி எழுந்தது.

"ரெண்டு புள்ளை," என்றது ஒரு குரல்.

"எங்க?"

"நல்லாப் பாரு. அந்தக் கையில ஒண்ணு, இந்தக் கையில ஒண்ணு."

"ஒண்ணு இயேசு சாமி. இன்னொண்ணு யாரு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கும். அவங்கம்மா வேலைக்குப் போயிருப்பா."

சிரிப்பு பரவியது. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ ஒருத்தி, இது அடையாளம், உலகத்துக்கு ஏதோ வரப்போகிறது என்றாள். பையன்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கொடி காற்றில் மடங்கும்போது ஒரு பிள்ளை மறைந்தது. விரியும்போது திரும்ப வந்தது.

டோரதி மேலே பார்க்கவில்லை. கைகூப்பி, காலடியில் கிடந்த வெடிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அவள் ஒருத்திதான் குனிந்திருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது மரியாவின் கண்கள் அவள் மேல் இருந்தன. மரியா கொடியைப் பார்த்து முடித்திருந்தாள்.

தேவநேசன் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். நெற்றியில் வியர்வை.

"என்ன கூத்தும்மா இது? என் உபயத்துல ஊரே சிரிக்குது. யாரு பண்ணின வேலை?"

டோரதி வாயைத் திறந்தாள். தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நாந்தானுங்க," என்றாள் மரியா. "அக்கா அப்பவே சொன்னாங்க. எனக்குத்தான் வெளங்கலீங்க."

"சொன்னாங்கன்னா கேக்க வேண்டாமா?"

"தப்புத்தானுங்க."

"கல்லறை இல்லம்மா இது. கோவில் கொடி." தேவநேசன் டோரதி பக்கம் திரும்பினார். "எல்லாம் என் தப்பு. தெரிஞ்சவங்ககிட்டயே விட்டிருக்கணும். அடுத்த வருஷத்துலேர்ந்து பழையபடி நீயே போடு. ரெண்டு பக்கமும். ஃபாதர்கிட்ட நான் சொல்லிடறேன்."

அவர் போய்விட்டார். முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி டோரதியின் தோளைத் தொட்டாள். "உங்க கையில இருந்தவரைக்கும் ஒரு கொறை இல்ல டோரதி," என்றாள். இத்தனை வருடத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். பிறகு மரியாவைப் பார்த்து, "பாவம், சின்னப் பொண்ணு" என்றாள்.

எல்லாம் திரும்ப வந்துவிட்டது. கேட்டதைவிட அதிகமாக.

மரியா தூண் ஓரத்தில் நின்றாள். பழி அவள் மேல் இருந்தது. அதுவும் அவளுக்கு அழகாக இருந்தது. டோரதி அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். தன் மேல் விழுந்த பழி எதுவும் இப்படி இருந்ததில்லை. அவற்றை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சுமந்தாள்.

வினிதா போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, நோடு. ஸூம் பண்ணிப் பாரு. சக்கத்தா வந்திருக்கு."

டோரதி படத்தைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக மேலே பார்த்தாள்.

வெயில் துணியின் வழியாக வந்துகொண்டிருந்தது. இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தன. காலண்டர் முகத்துக்குக் கண்ணின் கீழே சாம்பல் நிறம் வந்திருந்தது. இரண்டு தோள்களும் இறங்கியிருந்தன. ஆனால் நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போகலாம்மா. நான் சௌம்யாவைத் தூக்கிட்டு வரேன்," என்று வினிதா மரியாவிடம் ஓடினாள். மரியா குழந்தையை அவளிடம் கொடுக்கவில்லை. ஏதோ சொல்லி அவளை முன்னால் அனுப்பினாள். வினிதா கேட்டைத் தாண்டிப் பாப்கார்ன் வண்டியிடம் நின்றாள்.

மரியா தூணை விட்டு வந்தாள். சௌம்யா தூங்கிவிட்டிருந்தாள். இடது தோளில் தலை, வாயோரம் எச்சில். முற்றத்தில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மேலே கொடி சடசடத்தது.

மரியா திட்டுவாள் என்று டோரதி எதிர்பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். இடது என்றுதானே சொன்னேன், சுரூபத்தைப் பார் என்றுதானே சொன்னேன்.

மரியா கிட்டே வந்து நின்றாள். குரலில் கோபம் இல்லை. தூங்கும் குழந்தைக்குக் கேட்காத அளவில் பேசினாள்.

"அடுத்த வருசத்துக்கு இல்லீங்கக்கா. நா தெரிஞ்சுக்கோணும், அவ்வளவுதான். பின்பக்கத்துக்குப் புள்ள எந்தக் கையிலீங்கக்கா?"